உள்ளங்கைக்கு அடியில்

"வந்துட்டே, வந்துட்டே… நல்லாத்தானே வந்துக்கிட்டிருந்தே, இங்க எதுக்குடா திரும்பினே?"

பக்கத்து மேஜையிலிருந்து குரல் வருகிறது. யாரோ ஒரு பையன் வழி தெரியாமல் ஆசிரியர் அறைக்குள் வந்துவிட்டான் என்று நினைத்து நிமிர்ந்தால் வாசலில் ஒருவரும் இல்லை. கணக்கு டீச்சர் விடைத்தாளோடு பேசிக்கொண்டிருக்கிறார். பச்சைப் பேனாவின் மூடி பல்லிடுக்கில். செருப்பு மேஜைக்கு அடியில் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். டீ ஆறி ஆடை கட்டிப் பரிதாபமாக நிற்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "சூடா நல்லா இருக்கு சார்" என்பார்.

நான் அடுத்த மேஜை, சமூக அறிவியல். நான் திருத்துவதை யாரும் வேடிக்கை பார்க்க முடியாது, பார்க்க உட்காருவதற்குள் முடிந்துவிடும். மலைகளும் ஆறுகளும் போன வருஷம் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன. பிள்ளை எழுதியிருந்தால் மார்க், இல்லாவிட்டால் இல்லை. இதற்குப் போய் மூக்கால் அழுவானேன்? அதனால் பரீட்சைக் காலத்தில் எனக்கு நிறைய ஓய்வு கிடைக்கும். அந்த ஓய்வில் நான் செய்யும் ஒரே காரியம் பக்கத்து மேஜையைக் கவனிப்பது.

கணக்கு டீச்சர் ஒரு தாளை எடுத்தால் அதை முழுதாகத் திருத்தமாட்டார். வகுப்பு முழுவதன் முதல் கணக்கையும் முதலில் பார்ப்பார். பிறகு கட்டைப் புரட்டிப் போட்டு எல்லோருடைய இரண்டாவது கணக்கு. ஹெச்.எம். எட்டிப் பார்த்து, "பேப்பர் முடிஞ்சுதா டீச்சர்?" என்று கேட்டால், "அஞ்சாவது கணக்கு முடிஞ்சுது சார்" என்று பதில் வரும். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவார். ஏன் இந்தத் தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை என்று நானும் கேட்டிருக்கிறேன். ஒருத்தனின் முதல் கணக்கு நன்றாக இருந்தால் இரண்டாவதையும் நல்ல கண்ணோடு பார்ப்போமாம். மோசமாக இருந்தால் எரிச்சலோடு பார்ப்போமாம். நம்முடைய எரிச்சலுக்கும் சேர்த்து அந்தப் பிள்ளை பாடுபட வேண்டுமா என்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்கு அன்று காபி இறங்கவில்லை.

சிவப்பு மையும் இவரிடம் கிடையாது, பெருக்கல் குறி போட்டு அடிப்பதும் கிடையாது. தப்பு எந்த இடத்தில் தொடங்கியதோ அந்த இடத்தைச் சுற்றி ஒரு சின்னப் பச்சை வட்டம், அவ்வளவுதான். அந்த வட்டத்துக்குப் பிறகு பிள்ளை தப்பான எண்ணையே கையில் வைத்துக்கொண்டு கடைசி வரி வரை ஒழுங்காக நடந்து போயிருந்தால், "வழிக்கு உண்டு, விடைக்கு இல்லை" என்று முணுமுணுத்துக்கொண்டே வழிக்கான மார்க்கைப் போடுவார். ஒன்பதாம் வகுப்பில் இது பழமொழியாகிவிட்டது. மைதானத்தில் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பினால்கூட, "வழிக்கு உண்டு, விடைக்கு இல்லை" என்று கத்துகிறார்கள்.

இன்னொரு கிறுக்கும் உண்டு. தேர்வு முடிந்து தாளைக் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் கடைசிப் பக்கத்து மூலையில் தனக்கு எவ்வளவு வரும் என்று ஒரு எண் எழுத வேண்டும். எல்லாம் திருத்தி, கூட்டி, மார்க்கை முதல் பக்கத்தில் போட்ட பிறகுதான் டீச்சர் அந்த மூலையைப் புரட்டுவார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், சீட்டுக் குலுக்கலில் பெயர் பார்ப்பவர் தோற்றார். தொண்ணூறு என்று எழுதித் தொண்ணூறு வாங்கியவளைவிட, முப்பது என்று எழுதி முப்பதே வாங்கியவனிடம்தான் அவருக்குப் பிரியம் கூடுதலோ என்று எனக்கு நெடுநாள் சந்தேகம்.

"தனக்கு என்ன தெரியும்னு தெரிஞ்ச பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறது சுலபம் சார்" என்பார். "எல்லாம் தெரியும்னு நினைக்கிறதும், ஒண்ணுமே தெரியாதுன்னு நினைக்கிறதும்தான் உயிரை வாங்கும்."

ஆனால் பெற்றோர் மத்தியில் இவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இதெல்லாம் இல்லை, அந்தக் கைதான். பெற்றோர் கூட்டத்தில் அப்பாவோ அம்மாவோ எதிரே வந்து உட்கார்ந்ததும், போன தேர்வின் தாளையும் இந்தத் தேர்வின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். மார்க் போட்ட மூலை இரண்டின் மேலும் ஒரு உள்ளங்கை. "எது பழசு, எது புதுசு, சொல்லுங்க பார்ப்போம்" என்பார். "மார்க்கைச் சொல்லுங்க டீச்சர், வண்டியை வெயில்ல நிறுத்திட்டு வந்திருக்கேன்" என்று கெஞ்சினாலும் கை அசையாது. வேறு வழியில்லாமல் அவர்கள் பிள்ளையின் கையெழுத்தை, அடித்தலை, திருத்தலை, பாதியில் விட்ட வரியைப் பார்ப்பார்கள். பலர் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், முழு மார்க்கைக் கையில் மறைப்பவரை இங்கேதான் பார்க்கிறேன் என்று கேலி செய்வேன். "மார்க்கைப் பார்த்துட்டா அப்புறம் வேற எதையும் பார்க்க மாட்டாங்க சார்" என்பார். ஊரில் இவருக்கு உள்ளங்கை டீச்சர் என்றே பெயர்.

முன்னேற்ற அறிக்கையில் ஆசிரியர் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா, அதில் எழுத இப்போது கம்ப்யூட்டரே வாக்கியங்களைக் கொடுத்துவிடுகிறது. திருப்திகரம், முன்னேற்றம் தேவை, கவனம் தேவை. நான் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தட்டிவிடுவேன். இவர் ஹெச்.எம்.மின் அறைக்கே போய்ச் சண்டை போட்டார். "முன்னேற்றம் தேவைன்னா யாருக்கு சார் தேவையில்லை? எனக்குத் தேவை, சமூக அறிவியல் சாருக்குத் தேவை, உங்களுக்கும் ரெண்டொரு விஷயத்துல தேவை." ஹெச்.எம். நல்ல மனிதர், சிரித்துவிட்டார். அன்றிலிருந்து ஒன்பதாம் வகுப்பின் அறிக்கைகளில் மட்டும் பச்சை மையில், 'பின்னத்தைக் கண்டால் ஒளிந்துகொள்கிறான். கூப்பிட்டால் வருகிறான்' என்ற மாதிரி ஏதாவது இருக்கும். இவருடைய கணவர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். வீட்டில் சமையலும் அவர்தான். ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒரு வாய் சாப்பிட்ட டீச்சர் சற்று யோசித்து, "உழைப்பு தெரிகிறது, உப்பு தெரியவில்லை" என்று சொன்னார். அந்த மனிதரின் பொறுமைக்கு நூற்றுக்கு நூறு போடலாம்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். போன அரையாண்டுத் தேர்வில் சறுக்கியது.

எங்கள் பள்ளியில் மார்க்கைக் கம்ப்யூட்டரில் வரிசை எண்படி ஏற்ற வேண்டும். ஏற்றி ஒரு பொத்தானை அமுக்கினால் அத்தனை வீட்டுக் கைபேசிக்கும் செய்தி போய்விடும். டீச்சர் ஒற்றை விரலில் தட்டச்சு செய்பவர். வகுப்பில் ஒரு பையன் காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு தேர்வுக்கே வரவில்லை. அவனுடைய கட்டத்தைக் காலியாக விட்டிருக்க வேண்டும். இவர் கட்டில் இருந்த தாள்களைப் பார்த்துத் தட்டிக்கொண்டே போனாரா, அவன் தாள் இல்லையா, அடுத்த பிள்ளையின் மார்க் அவன் கட்டத்தில் உட்கார்ந்துவிட்டது. அதன் பிறகு வகுப்பு முழுவதும் ஆளுக்கு ஆள் அடுத்தவர் மார்க். வரிசையின் கடைசிப் பெண்ணுக்கு ஒன்றுமே இல்லை. இது எதுவும் தெரியாமல் டீச்சர் பொத்தானை அமுக்கிவிட்டு, கைகளைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ஊரில் நடந்த கூத்து முழுவதும் எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது. காரணம், டீச்சரின் கைபேசி வழக்கம்போல் சார்ஜ் இல்லாமல் கைப்பைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. மாவுக்கட்டுப் பையனுக்கு எழுபத்துநான்கு. "படுத்துக்கிட்டே எழுதினானா?" என்று அவன் அம்மா அக்கம்பக்கத்தில் விசாரித்திருக்கிறார். எப்போதும் எண்பதுக்குக் கீழே இறங்காத பல் டாக்டர் மகனுக்கு முப்பத்தெட்டு. அவர் வீட்டில் இரவுச் சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை. பஞ்சர்க்கடைக்காரர் மகளுக்குத் தொண்ணூற்றொன்று.

இந்தப் பஞ்சர்க்கடைக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பள்ளிக்குப் பின்னால் முக்குக் கடை. தாயில்லாத பிள்ளையை ஒற்றை ஆளாக வளர்க்கிறவர். பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை, கூப்பிட்டு அனுப்பினால் "நான் வந்து என்னத்தைப் புரிஞ்சுக்கப் போறேன்" என்று சொல்லிவிடுவார். காலாண்டில் மகள் கணக்கில் பதினொன்று வாங்கினாள். வெளியூரில் தையல் கடை வைத்திருக்கும் அவருடைய அக்கா, படிப்பு ஏறாத பிள்ளையை எதற்கு வதைக்க வேண்டும், என்னோடு அனுப்பு, ஒரு கைத்தொழிலாவது கற்றுக்கொள்ளட்டும் என்றார். கெட்ட எண்ணத்தில் இல்லை, பிரியத்தில்தான். அக்கா சொல்லைத் தம்பி தட்டியதில்லை. அரையாண்டு வரை தவணை வாங்கினார். கணக்கில் தேறினால் படிப்பு, தேறாவிட்டால் தையல். அந்தப் பெண் அன்றிலிருந்து தினமும் முதல் மணிக்கு முன்பே வந்து டீச்சரின் மேஜையருகே நின்றுவிடுவாள். கழித்தல் குறியோடு இருவரும் மல்லுக்கட்டுவதைக் கேட்டுக்கொண்டேதான் நான் செய்தித்தாள் படிப்பேன்.

தொண்ணூற்றொன்று என்று கைபேசியில் பார்த்ததும் மனிதர் என்ன செய்தார் தெரியுமா? அன்று சாயங்காலம் கடைக்கு வந்த வண்டிக்கெல்லாம் காற்று இலவசம். என் சைக்கிளுக்குக்கூட அடித்துவிட்டு, "எம் பொண்ணு கணக்குல தொண்ணூத்தொண்ணு சார்" என்றார். நானும் அசடுபோல் கையைக் குலுக்கினேன். அக்காவுக்கும் போன் பண்ணி, மறுநாள் கூட்டத்துக்கு நீயே வந்து பார் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் அந்தப் பெண் ஆசிரியர் அறை வாசலில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"டீச்சர், எனக்கு வந்த மார்க் என்னோடது இல்லை."

டீச்சர் பேனாவை வைத்துவிட்டு, எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"ஆறாவதும் எட்டாவதும் நான் தொடவே இல்லை. அதுலயே இருபது போச்சு. மீதி எல்லாமே சரின்னா கூட எண்பதுதான் டீச்சர் வரும். தொண்ணூறு எப்படி வரும்?"

டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். பதறிப்போய் எழுந்தார் என்று நினைத்தேன். பார்த்தால் முகமெல்லாம் சிரிப்பு. "சார், கேட்டீங்களா? இன்னொரு தடவை சொல்லும்மா, சார் கேட்கட்டும்" என்கிறார். அந்தப் பிள்ளை அழும் நிலையில் நிற்கிறது, இவருக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருக்கிறது. அவளும் இன்னொரு தடவை சொன்னாள். நேற்றே அப்பாவிடம் சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன். "அப்பா அவ்வளவு சந்தோஷமா இருந்தார் சார், எனக்கு வாயே வரலை" என்றாள்.

பிறகுதான் கம்ப்யூட்டரைத் திறந்தார். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் மாவுக்கட்டுப் பையனின் கட்டத்தில் விரலை வைத்து, "இங்கதான் திரும்பியிருக்கேன்" என்றார். நெற்றியில் அடித்துக்கொண்டார். அப்புறம் கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். ஆயுசு முழுக்க உள்ளங்கையால் மறைத்த மார்க்கை ஒரே விரலால் ஊர் பூராவும், அதுவும் ஆள் மாற்றி, அனுப்பிவிட்டீர்களே என்றேன். நேரே ஹெச்.எம்.மிடம் போய் நடந்ததைச் சொல்லி, பத்து நிமிஷத்தில் திருத்தச் செய்தியும் அனுப்பிவிட்டார். பல் டாக்டர் வீட்டில் மதியச் சாப்பாடு நன்றாக இறங்கியிருக்கும். பஞ்சர்க்கடைக்காரருக்கு மட்டும் செய்தி போகவில்லை. அவரிடம் தானே நேரில் சொல்வதாக டீச்சர் ஹெச்.எம்.மிடம் அனுமதி வாங்கிக்கொண்டார்.

அவள் உண்மையில் வாங்கியது முப்பத்தெட்டு. எங்கள் பள்ளியில் தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும்.

சாப்பாட்டு நேரம் முழுக்க நான் அவரை நச்சரித்தேன். இரண்டே மார்க், எந்தக் கணக்கிலாவது வழிக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று போட்டுத் தொலையுங்கள், ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கும் என்றேன். எனக்குக் கோபமே வந்துவிட்டது. கல்நெஞ்சம் என்றுகூடச் சொன்னேன். அவர் அந்தத் தாளை எடுத்து ஒவ்வொரு கணக்காக மறுபடி பார்த்தார், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. பிறகு மூடி வைத்தார்.

"ரெண்டு மார்க் நான் போட்டா அது என்னோட மார்க் சார். அவ காலையில வந்து இது என்னோடது இல்லைன்னு சொன்னாளே. சாயங்காலமே நான் இன்னொண்ணைக் கொடுத்து அவ கையில திணிக்கவா?"

நான் டப்பாவை மூடிவிட்டேன். அவரும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை, உப்பைப் பற்றியும் பேச்சில்லை.

கூட்டம் மூன்று மணிக்கு. வகுப்பறையில் எங்கள் மேஜைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். பெற்றோர் எல்லோரும் உட்கார்ந்ததும் டீச்சர் கரும்பலகைக்குப் போனார். கட்டங்கள் வரைந்தார். எந்தக் கட்டத்தில் தான் தவறினாரோ அதைச் சுற்றிப் பச்சைச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். "இதுவரைக்கும் சரியா வந்திருக்கேன். இங்க ஒரு கட்டம் காலியா விடணும், விடலை. அதுக்கப்புறம் ஒழுங்காத்தான் போட்டிருக்கேன், ஆனா அத்தனையும் தப்பு. எல்லா வீட்டிலேயும் மன்னிச்சுக்கணும்." பின்வரிசையிலிருந்து பல் டாக்டர், "அப்போ உங்களுக்கு எவ்வளவு டீச்சர்?" என்று கேட்டார். "வழிக்கு உண்டு, விடைக்கு இல்லை" என்றார் டீச்சர். அறையே சிரித்தது. கட்டுக்காலை நீட்டி வாசலில் உட்கார்ந்திருந்த பையன், எனக்கு அந்த எழுபத்துநாலைத் திரும்பக் கொடுக்க மனசே இல்லை என்று முனகினான்.

பஞ்சர்க்கடைக்காரர் அப்போது வரவில்லை. கூட்டம் பாதி கலைந்த பிறகு வந்தார். தேய்த்த சட்டை, வாரிய தலை, கையில் ஒரு பெரிய பிஸ்கட் டப்பா. கூடவே அக்கா. அக்காவுக்கு நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது, தாழ்வாரத்துப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். மகள் தூண் ஓரமாக நின்றாள், உள்ளே வரவில்லை.

டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு அவர் உட்கார்ந்தார். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். பலகையைப் பார்த்து, "அது என்ன டீச்சர், வட்டம்?" என்று கேட்டார்.

"அது நான் பண்ணின தப்புங்க" என்று ஆரம்பித்து டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, குரலைக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான். தொண்ணூற்றொன்று அடுத்த பெண்ணுடையது என்பதையும் சொன்னார். நான் என் காகிதங்களை அடுக்குவதுபோல் பாவனை செய்தேன்.

மனிதர் கொஞ்ச நேரம் பிஸ்கட் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊரெல்லாம் சொல்லிட்டேனே டீச்சர்" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

டீச்சர் இரண்டு தாள்களையும் எடுத்து அவர் முன்னால் வைத்தார். மூலைகளின் மேல் உள்ளங்கைகள் போயின.

"எது பழசு, எது புதுசு, சொல்லுங்க."

"எனக்கு என்ன தெரியும் டீச்சர்."

"பாருங்க. பார்த்துச் சொல்லுங்க."

பார்த்தார். குனிந்து பார்த்தார். சற்று நேரம் கழித்து ஒரு தாளை விரலால் தொடாமல் காட்டி, இது பழசு என்றார். எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "இது வெள்ளையாக் கிடக்கு. அதுல மேல இருந்து கீழ வரைக்கும் வேலை நடந்திருக்கு" என்றார். டீச்சர் தலையை ஆட்டினார். மனிதர் இப்போது தாமாகவே தாளைத் திருப்பினார். "இந்தப் பச்சை வட்டமெல்லாம்?"

டீச்சர் சொன்னார். இந்த வரி வரை சரி, இந்த இடத்தில் கழித்தல் குறியை விட்டுவிட்டாள், அதற்குப் பிறகு வழி முழுவதும் சரி. அடுத்த கணக்கிலும் அதே இடம். அதற்கடுத்ததிலும் அதே.

"எல்லா வட்டமும் ஒரே தப்புக்கா?"

"ஒரே தப்புக்குத்தான்."

மனிதரின் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அதை நான் மறக்கமாட்டேன். "நாங்களும் இப்படித்தான் டீச்சர்" என்றார். "டியூபைத் தண்ணியில அமுக்கிப் பார்ப்போம். எங்க குமிழி வருதோ அந்த எடத்தைச் சுத்தி வட்டம் போட்டுடுவோம். டியூபே போச்சுன்னு தூக்கிப் போட மாட்டோம்."

டீச்சர் அப்போதுதான் கைகளை எடுத்தார். பதினொன்று. முப்பத்தெட்டு. பிறகு கடைசிப் பக்கங்களைத் திருப்பி அந்த மூலைகளையும் காட்டினார். காலாண்டில் அறுபது வரும் என்று எழுதியிருந்தாள். இந்தத் தடவை நாற்பது வரும் என்று எழுதியிருந்தாள்.

"பாஸ் இல்லைங்க. ரெண்டு குறையுது. நான் போட மாட்டேன். அடுத்த மாசம் மறுதேர்வு இருக்கு, அவளே எடுப்பா" என்றார் டீச்சர். "தொண்ணூத்தொண்ணு என்னோடது இல்லைன்னு காலையில முதல்ல வந்து சொன்னது யாரு தெரியுமா? அதோ நிக்கிறாளே, அவதான். கணக்குப் போட்டுக் காட்டினா."

அவர் திரும்பித் தூணைப் பார்த்தார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வா என்று கையசைத்தார். அவள் வந்து பக்கத்தில் நின்றதும் பச்சை வட்டத்தைக் காட்டி, "இந்த எடத்துல ஒட்டுப் போட எவ்வளவு நாளாகும்?" என்று கேட்டார்.

"ஒரு வாரம்பா" என்றாள். பிறகு சற்று யோசித்து, "ரெண்டு வாரம்" என்றாள். டீச்சருக்கு அந்தத் திருத்தம் பிடித்துவிட்டது. எனக்கு நன்றாகவே தெரிந்தது.

பிஸ்கட் டப்பாவை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மூடியைத் தாமே பிரித்து டீச்சருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, மகளுக்கு இரண்டு கொடுத்தார். இரண்டு தாள்களையும் கேட்டு வாங்கிக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனார்.

அக்கா பெஞ்சிலிருந்து எழுந்தார். தொண்ணூற்றொன்றைப் பார்க்கத்தானே பஸ் ஏறி வந்திருக்கிறார். "எவ்வளவுடா? காட்டு" என்று கையை நீட்டினார். தம்பி தாள்களைக் கொடுக்கவில்லை. வகுப்பறை ஜன்னல் கட்டைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். எத்தனை சோப்புப் போட்டாலும் ரேகைக்குள் மை போல் கறுப்பு ஓடுகிற அந்த இரண்டு பெரிய கைகளும் மூலைக்கு ஒன்றாக இறங்கின.

"மார்க்கு இருக்கட்டும்க்கா. எது பழசு, எது புதுசு, முதல்ல அதைச் சொல்லு."

உள்ளே டீச்சர் அடுத்த அம்மாவை உட்காரச் சொல்லியிருந்தார். அந்த அம்மாவின் பேச்சு ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை, கண் ஜன்னலிலேயே இருந்தது. இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"கையைக் கொஞ்சம் நகர்த்துங்க, முதல் கணக்கு மறையுது."

தம்பி கையைத் தூக்கவில்லை. உள்ளங்கையை அப்படியே வைத்துக்கொண்டு விரல்களை மட்டும் ஒவ்வொன்றாக மடக்கினார், கணக்கு கடைசி வரி வரை அக்காவின் கண்ணுக்குத் தெரிகிற வரை.